அடுப்பு எரியாத தெரு

வீடு கட்டுகிறவர்களுக்காக ஒரு நிர்வாகம் போட்ட புத்தகத்துக்குக் கதை எழுதுகிறவன் மதிப்புரை எழுதலாமா? எழுதலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதுவும் ஊரை வர்ணிக்கிற புத்தகந்தானே!

இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் ஜில்லா நிர்வாகம் 1973-ல் வெளியிட்ட கட்டட வழிகாட்டியைச் சொல்லுகிறேன். 1947-ம் வருஷத்துச் சட்டம் வந்த பிறகு, சொந்த நிலமானாலும் அந்த நாட்டில் அனுமதி இல்லாமல் வீடு கட்ட முடியாது. மனுப் போட வேண்டும். எப்படிப்பட்ட வீடானால் அனுமதி கிடைக்கும்? அதைப் படம் போட்டுச் சொன்னது இந்தப் புத்தகம். அகலமான சாலை, இருபுறமும் தீப்பெட்டி அடுக்கினாற்போல் வீடுகள், எந்த ஊர் என்றே சொல்ல முடியாத குடியிருப்புகள் பெருகிவந்த காலம் அது. சாலை எஞ்சினீயர் கோடு கிழிப்பார், வீடுகள் ஒதுங்கி நிற்க வேண்டுமா என்று புத்தகம் கோபித்துக்கொண்டது. நியாயமான கோபம். செங்குத்தான ஓட்டுக் கூரை, பலகை அடித்த சுவர், சிவப்புச் செங்கல் என்று வட்டாரத்துப் பழஞ்சொத்தை எடுத்துக் காட்டியது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. சவுத் உட்ஹம் ஃபெரர்ஸ் என்ற ஊர் இந்த முறைப்படி விரிந்தது. 1978-ல் அங்கே திறந்த பெரிய கடை, தானியக் களஞ்சியம் மாதிரி வேஷம் கட்டிக்கொண்டு நின்றது. தெருக்கள் சிலவற்றுக்கு டோல்கீன் கதையிலிருந்து பெயர்! எஸ்ஸெக்ஸ் பாணியை எஸ்ஸெக்ஸுக்குச் சம்பந்தமில்லாத ஜில்லாக்களும் காப்பியடித்தன. எந்த ஊர் என்று தெரியாத வீடுகளை எதிர்த்துப் பிறந்த புத்தகத்துக்கு இப்படி ஒரு கதி.

கேம்பிரிட்ஜுக்கு வடக்கே காட்டன்ஹம் கிராமத்தார் செய்தது இதைவிட மேல். 1994-ல் தங்கள் ஊரின் அமைப்பைத் தாங்களே எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் மனுக்களைப் பரிசீலிக்க வேண்டும் என்றாயிற்று. பல கிராமங்கள் இதைப் பின்பற்றின. சொந்தக்காரன் எழுதும்போது வர்ணனைக்கு ஓர் உயிர் வரத்தான் செய்கிறது.

என் முதல் நாவலில் ஒரு தெருவை மூன்று பக்கம் வர்ணித்திருந்தேன். "தெரு அழகாக இருக்கிறது, ஒரு வீட்டிலாவது அடுப்பு எரியக் காணோமே!" என்று ஒரு வாசகி கடிதம் போட்டாள். இந்த வகைக் கையேடுகளைப் பற்றியும் எனக்கு அதே குறைதான். ஜன்னலின் அளவு இருக்கிறது, வேலியின் உயரம் இருக்கிறது. ஜன்னலுக்குள்ளே யார் இருக்கப் போகிறார்கள் என்ற பேச்சு அபூர்வம். ஊரின் 'தன்மை' என்ற சொல் சில சமயம் புதியவனைத் தடுக்கும் வேலியாகவும் ஆகிவிடுகிறது.

2011-ம் வருஷத்துச் சட்டம் இன்னும் ஒரு படி போயிற்று. அக்கம்பக்கத்தார் கூடித் திட்டம் தீட்டலாம். ஊரார் ஓட்டில் பாதிக்கு மேல் ஆதரித்தால் அதற்குச் சட்டபலம் உண்டு. ஆனால் ஓட்டு அந்த வட்டாரத்திலே குடியிருப்பவர்களுக்கு மட்டுந்தான். கல்யாணமாகி, உள்ளூரில் வீடு கிடைக்காமல், வாடகைக்கு இடம் தேடி அடுத்த ஊருக்குப் போய்விட்ட பையனுக்கு அங்கே ஓட்டு இல்லை.