லிப்ரெஆபீஸ் கட்டளை வரி: ஒரு வாயில்லாப் பூச்சி

பழைய வேர்ட் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து 'சேவ் ஆஸ்' கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களை இன்றும் பதிப்பகங்களில் பார்க்கிறேன். அவர்கள் கணினியில் லிப்ரெஆபீஸ் இருந்தால் அந்தப் பாடே வேண்டாம். டெர்மினலைத் திறந்து 'எஸ்ஆபீஸ்' என்ற நிரலைக் கூப்பிட வேண்டும். திரை தேவையில்லை என்பதற்கு 'ஹெட்லெஸ்', எந்த வடிவம் என்பதற்கு 'கன்வெர்ட்-டு', எங்கே போடுவது என்பதற்கு 'அவுட்டிர்'. கடைசியில் நட்சத்திரக் குறியும் 'டாக்' என்ற பின்னொட்டும். எண்டரைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

காசு கிடையாது. இணையமும் தேவையில்லை. ஸ்டார்ஆபீஸ், ஓப்பன்ஆபீஸ் என்று பெயர் மாறி, 2010இல் பிரிந்து வந்த காலத்திலிருந்தே இதற்கு நான் வக்காலத்து வாங்குகிறவன். 'எஸ்ஆபீஸ்' என்பதில் முதலில் நிற்கும் 'எஸ்' கூட அந்த ஸ்டாரின் மிச்சம்தான். பாண்டாக் போதாதா என்று சிலர் கேட்பார்கள். ஜான் மெக்ஃபார்லேன் என்ற தத்துவப் பேராசிரியர் 2006இல் தொடங்கிய அருமையான நிரல் அது. ஆனால் டாக்எக்ஸைப் படிக்கும், பழைய டாக்கைத் தொடாது. வேர்ட் 97 முதல் 2003 வரை சேமித்த குப்பைக்கு எஸ்ஆபீஸ்தான் கதி.

சில வாரங்களாக ஒரு சிறு பதிப்பகத்தின் பழைய கோப்புகளை இதை வைத்து மாற்றி வருகிறேன். வேகம், அட்டவணை, அடிக்குறிப்பு எதிலும் பெரிய குறை சொல்ல முடியாது. என் மனத்தாங்கல் ஒன்றே ஒன்று: இது வாயைத் திறப்பதில்லை.

லிப்ரெஆபீஸ் ஜன்னல் ஒன்று ஏற்கெனவே திறந்திருக்கிறது என்று வையுங்கள். பல பதிப்புகளில் கட்டளை ஒரு வேலையும் செய்யாமல், ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பிவிடும். தனிப் பயனர் ஃபோல்டர் ஒன்றைக் கட்டளையிலேயே காட்டிக் கொடுத்தால் சரியாகும். அது தெரிய வேண்டுமே. கோப்பு கெட்டுப்போய்த் திறக்க முடியாமல் போனாலும் பெரும்பாலும் 'எல்லாம் நலம்' என்று பூஜ்ஜியத்தையே திருப்பித் தரும். அந்த எண்ணை நம்பி ஸ்கிரிப்ட் எழுதுகிறவனுக்கு வயிறு எரியும். வந்து சேர்ந்த கோப்புகளை எண்ணிப் பார்ப்பதுதான் ஒரே வழி. எண்ணிக்கை குறைந்தால் அடுத்த சந்தேகம் 'முன்னுரை'யின் மேல் விழ வேண்டும். ஒவ்வொரு புத்தகத்தின் ஃபோல்டரிலும் முன்னுரை என்று ஒரு கோப்பு இருக்கும். எல்லா ஃபோல்டர்களையும் சேர்த்து ஒரே இடத்தில் கொட்டச் சொன்னால் பின்னால் வருகிற முன்னுரை முன்னால் வந்ததை அழித்துவிட்டு உட்காரும். ஓடுகிற வரிகளுக்கு நடுவே 'ஓவர்ரைட்டிங்' என்று ஒரு முனகல் வரும், அவ்வளவுதான். புத்தகத்துக்கு ஒரு அவுட்டிர் வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் எல்லா மொழிக்காரனுக்கும் உள்ள தொல்லை. தமிழனுக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது.

அந்தக் காலத்துத் தமிழ்க் கோப்புக்குள் தமிழே இல்லை. பாமினி என்ற எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால் கோப்பில் இருப்பது ஆங்கில எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, ஓர் எச். எழுத்துரு மேலே போர்த்தியிருக்கும் வரைதான் அது அம்மா. சின்ன கே 'ம' என்றால் பெரிய கே 'மு'. மரம் என்ற சொல்லின் முதல் எழுத்தைப் பெரியதாக்கினால் அது முரம் ஆகிவிடும். இப்படிப்பட்ட கோப்பை, பாமினி நிறுவாத கணினியில் பிடிஎஃப்பாக மாற்றச் சொன்னால் எஸ்ஆபீஸ் என்ன செய்யும்? கைக்குக் கிடைத்த வேறொரு எழுத்துருவைப் போட்டு, பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்துக் குப்பையை அழகாக வரிசைப்படுத்தி, பிடிஎஃப் தயார் என்று நீட்டும். எழுத்துரு இல்லை என்று எச்சரிக்க ஒரு வரி கூட வராது. எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். பாமினியை நிறுவிவிட்டு மாற்றினாலோ பார்வைக்குத் தமிழ், தேடினால் குப்பை. பிடிஎஃப்பில் 'அம்மா'வைத் தேடுங்கள், கிடைக்கமாட்டாள்.

வெறும் டெக்ஸ்டாக மாற்றுவது இதைவிட மோசம். பாமினியில் அடித்த பத்திக்கு நடுவே டைம்ஸ் நியூ ரோமனில் ஓர் ஆங்கிலப் பெயர் இருக்கும். டெக்ஸ்டில் எழுத்துருப் பெயர் போய்விடுவதால் எது தமிழ் வேஷம் போட்ட ஆங்கிலம், எது அசல் ஆங்கிலம் என்று பிரிக்க வழியே இல்லை. டேப், டிஸ்கி போன்ற குறியேற்றங்களில் ஆங்கிலம் தன் இடத்திலேயே இருப்பதால் இந்தச் சிக்கல் கிடையாது. ஆனால் என் கைக்கு வந்தவற்றில் பாதிக்கு மேல் பாமினி ஜாதி.

ஆகவே டாக்எக்ஸ். இந்த வாயில்லாப் பூச்சியின் அருமை எனக்குப் புரிந்ததும் இங்கேதான். டாக்எக்ஸாக மாற்றும்போது எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் அதன் பெயரை அது கைவிடுவதில்லை. ஒவ்வொரு துண்டு உரையோடும் 'பாமினி' என்ற முத்திரை பத்திரமாக வந்து சேர்கிறது. டாக்எக்ஸ் ஒரு ஜிப் பொட்டலம். பிரித்தால் உள்ளே எழுத்துருப் பட்டியலே தனிக் கோப்பாக இருக்கும். பிறகு பைத்தானில் நாலு வரி எழுதி, பாமினி முத்திரை உள்ள துண்டுகளை மட்டும் யூனிகோடாக்கினால் ஆங்கிலப் பெயர்கள் தப்பித்துக்கொள்ளும். எழுத்துருவை நேரடியாகக் கொடுக்காமல் ஸ்டைலில் ஒளித்து வைத்திருக்கும் கோப்புகள் மட்டும் படுத்தும்.

எழுத்து மாற்றத்துக்கு 'ஓப்பன்-தமிழ்' என்ற இலவசப் பைத்தான் தொகுப்பைப் பயன்படுத்தினேன். கெ, கே, கை ஆகியவற்றில் கொம்பு பழைய கோப்பில் முன்னால் நிற்கும், யூனிகோடில் பின்னால் போக வேண்டும். 'கொ'வில் இரண்டு பக்கமும். அதையெல்லாம் அது பார்த்துக்கொள்கிறது. அதன் மாற்றிகளின் பட்டியலைப் படிப்பதே ஒரு வேடிக்கை: தினகரன், தினத்தந்தி, முரசொலி, நக்கீரன் என்று பத்திரிகைக்கு ஒரு குறியேற்றம். 1999இல் டாம், டேப் என்று தரப்படுத்தினார்கள். விண்டோஸ் 2000இலேயே யூனிகோடு தமிழ் வந்தது. 2010இல் தமிழக அரசும் யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. ஆனால் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. நம் அச்சுத் தொழில் பேஜ்மேக்கரை விடவில்லை. அந்தக் கோப்புகளையும் லிப்ரெஆபீஸ் 2015இல் வந்த 4.4 பதிப்பிலிருந்து 'டிரா'வில் திறக்கிறது. ஆபத்துக்குப் பாவமில்லை என்று வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

ஆங்கிலக் கோப்புகளுக்கு இதைக் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வேன். தமிழ்க் கோப்பு என்றால் நேரே பிடிஎஃப் பக்கம் போகாமல் முதலில் டாக்எக்ஸாக்குங்கள், மூல டாக்கை அழிக்காதீர்கள். எந்த எழுத்து எந்த விசையில் இருந்தது என்று சரிபார்க்க அந்தக் காலத்து எழுத்துருவே கையில் வேண்டும். அது பழைய கணினியின் விண்டோஸுக்குள் ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டரில் இருக்கும். கணினியைக் காயலான் கடைக்குப் போடுமுன் அந்த ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து வையுங்கள்.