‘அகஸ்ட் டி’ தொகுப்பில் பாடுவோன் கூற்று

பலர் கூடிப் பாடும் குழுவினின்று ஒருவர் தனித்துப் பாட முற்படுங்கால், குழுவின் குரலுக்கும் அவர்தம் குரலுக்கும் உள்ள வேறுபாடு புலனாதல் இயல்பு. ஆயின், அத் தனிக்குரல் உண்மையில் அவருடையதா, அன்றிப் புதிதாகப் புனைந்துகொண்ட மற்றொரு வேடமா என்னும் வினாவிற்கு விடை காண்டல் எளிதன்று. தென்கொரியாவின் பி.டி.எஸ். குழுவைச் சார்ந்த சுகா, 2016 ஆகஸ்டில் வெளியிட்ட முதல் தனித்தொகுப்பை இவ் வினாவின்வழி ஈண்டு ஆராய்வோம்.

மின் யூங்கி என்பது இவர்தம் இயற்பெயர். 1993-இல் டேகு நகரிற் பிறந்த இவர், 2013 ஜூனில் அரங்கேறிய எழுவர் குழுவில் ராப் பாடுபவர். இத் தொகுப்பு ‘மிக்ஸ்டேப்’ என்னும் வகையினது. அமெரிக்க ஹிப்-ஹாப் மரபில் ஒலிநாடாக்கள் வழியே கைமாறிப் பரவிய தொகுப்புகளுக்கு வழங்கிய இப் பெயர், பின்னர் இணையத்தில் விலையின்றி வெளியிடப்படுவனவற்றுக்கும் உரியதாயிற்று. இதுவும் விலையின்றியே வெளிவந்தது. விற்பனையை நோக்காமையின், குழுவின் பாடல்களிற் கூற இயலாதனவற்றைக் கூற இடம் வாய்த்தது எனலாம்.

முதற்கண் பெயரை நோக்குவோம். டேகு நகரைக் குறிக்கும் ‘டி.டி.’ என்னும் எழுத்துகளையும் ‘சுகா’ என்னும் பெயரையும் சேர்த்து, உரோமன் எழுத்தில் தலைகீழாக எழுதின் ‘அகஸ்ட் டி’ என்றாகும். ஆகவே இப் பெயர் பழைய பெயரை மறைப்பதன்று, திருப்பிக் காட்டுவது. தொகுப்பின் அமைப்பும் அத்தகையதே.

பத்து உருப்படிகள் கொண்ட இத் தொகுப்பின் முற்பகுதி தற்பெருமையும் வசையும் நிறைந்தது. குழுப் பாடகரைக் கலைஞராக மதியாதாரை நோக்கி எழும் சினம் அங்கு விரைந்த நடையில் வெளிப்படுகின்றது. தன்னை உயர்த்திக் கூறல் ராப் மரபின் வழக்கேயாகலின், இவற்றை மட்டும் கொண்டு பாடுவோனின் உள்ளத்தை அளத்தல் பொருந்தாது.

‘இறுதி’ என்று பொருள்படும் ஏழாம் பாடலிலேயே தொகுப்பின் உயிர்நிலை உள்ளது. புகழ்பெற்ற பாடகனின் பின்னே நிற்கும் நலிந்த மனிதனை அது காட்டுகின்றது. உளச்சோர்வு, மனிதரைக் கண்டு அஞ்சுதல், பெற்றோருடன் மனநல மருத்துவரை நாடியமை, முதல் இசையரங்கன்று கழிவறையில் ஒளிந்தமை ஆகியன வெளிப்படையாகக் கூறப்படுகின்றன. பழைய மின் யூங்கியைத் தாமே கொன்றுவிட்டதாகவும் அவர் கூறுகின்றார். இதனைக் கேட்டபின் முற்பகுதியின் பெருமிதம் வேறு பொருள் தருகின்றது; அஃது அச்சத்தை மூடிய போர்வை என்பது விளங்குகின்றது.

துன்பத்தை அறிவித்தலும் ஒரு வகை வேடமாகலாம் என்று சிலர் தடை எழுப்பக்கூடும். அத் தடை புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும், வேடமாயின் தன்னை அழகுபடுத்திக் காட்டும் நிகழ்ச்சிகளையே தெரிந்தெடுக்கும். கழிவறையில் ஒளிந்தமை அழகுபடுத்துவதன்று. ஆகலின் இதனை மெய்ம்மையின்பாற் படுத்தலே தகும் என்பது எம் கருத்து.

குறையும் உண்டு. இப் பாடலை அடுத்து, திரைப்படக் குற்றத் தலைவன் ஒருவன் பெயர் கொண்ட ‘டோனி மொன்டானா’ வருகின்றது. மீண்டும் பழைய பெருமிதமே தலைதூக்கலின், முன்னைப் பாடல் விளைத்த உணர்வு சிதைகின்றது. வரிசை முறையில் ஆசிரியர் வழுவினார் என்றே கொள்ளவேண்டும்.

எனினும் முடிவு அவ் வழுவை ஓரளவு ஈடுசெய்கின்றது. சுரான் என்னும் பாடகியுடன் இணைந்த இறுதிப் பாடல், கனவின்றித் தவிக்கும் இளைஞர் நிலையைப் பாடுகின்றது. அகப்பாடலில் ஒருவர் பெயர் சுட்டலாகாது என்பது தொல்காப்பியர் விதி. பெயர் நீங்கியவழி உணர்வு யாவர்க்கும் உரியதாகும் என்பதே அதன் பயன். தம் பெயரை உரக்கக் கூறித் தொடங்கிய இப் பாடகர், எவர் பெயரும் வேண்டாத பாடலில் முடிக்கின்றார். அம் மரபை அறியாமலே அதன் பயனை எய்துகின்றார்.

இப் பெயரில் 2020-இலும் 2023-இலும் மேலும் இரு தொகுப்புகள் வெளிவந்தன. செப்பத்தில் அவை மேம்பட்டனவாயினும், வேடத்தின் வழியே மெய்ம்மை கூறும் நெறியை முதற்கண் வகுத்தது 2016-ஆம் ஆண்டுத் தொகுப்பே. அதன் குறைகளும் அந் நெறியைத் தேடிய தடங்களாகலின், அவற்றோடு சேர்த்தே அதனை மதிப்பிடல் வேண்டும்.