தாமதமாக வரும் தண்ணீர்

வடக்கு நியூ மெக்சிகோவில் மே கடைசியிலும் ஜூன் மாதத்திலும் வெயிலைக் காதால் கேட்கலாம். பகலெல்லாம் மலைமேல் அடித்த வெயில், ஊருக்குள் தண்ணீர்ச் சத்தமாக வந்து சேர நள்ளிரவாகும்.

தாவோஸ் ஊர் கடல் மட்டத்துக்கு மேல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஓராண்டு மழையெல்லாம் சேர்த்தாலும் 300 மில்லிமீட்டரைச் சுற்றித்தான். சாம்பல் பூத்த பச்சையில் சேஜ் புதர்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை. கிழக்கே சாங்கிரே தே கிறிஸ்தோ மலைத்தொடர். அதில் வீலர் சிகரம் 4,011 மீட்டர். ஜூனில் பகல் வெப்பம் 30 டிகிரியைத் தொடும். விடியுமுன் 10 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். கீழே ஆட்கள் நிழல் தேடும் அதே நேரத்தில், மரங்கள் வளராத உயரத்தில் பனி திட்டுத்திட்டாகக் கிடக்கும். வானம் கொடுப்பதற்கும் மண் வாங்குவதற்கும் இடையே இங்கே எப்போதும் ஒரு தாமதம் உண்டு. எனக்கு இந்தப் பருவத்தின் நயமே அந்தத் தாமதத்தில்தான்.

பனி உருகுவதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். காலையில் அதன் மேல்தோடு இரவுக் குளிரில் இறுகியிருக்கும். காலை வைத்தால் நொறுங்கும். வெயில் ஏற ஏற அது கல்லுப்பு போலப் பரல் பரலாக உதிரத் தொடங்கும். உருகிய நீர் உடனே ஓடிவிடுவதில்லை. பரல்களின் இடுக்கில் சொட்டுச் சொட்டாக இறங்கி, அடியில் மண்ணைத் தொட்டு, வேரும் பாறையும் தடுக்கத் தடுக்க நகர்ந்து, ஓடையை எட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அங்கிருந்து பள்ளத்தாக்குக்கு இன்னும் சில மணி நேரம். அதனால்தான் மண்டையைப் பிளக்கும் நண்பகலில் சோர்ந்து கிடக்கும் ஓடை, எல்லாரும் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்ட பிறகு பெருகுகிறது. நீரின் இரைச்சலுக்கு அடியில் இன்னொரு சத்தமும் கேட்கும். ஓடையின் அடியில் கற்கள் உருண்டு ஒன்றோடொன்று மோதும் ஓசை அது.

அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை தன் முதல் ஆற்று நீரளவு நிலையத்தை 1889-இல் அமைத்தது இந்தப் பகுதியில்தான், ரியோ கிராண்டே கரையிலுள்ள எம்புடோவில். இப்போது சிற்றோடைகளிலும் அளவுகருவிகள் உண்டு. உருகு காலத்தில் அவை வரையும் கோட்டில் நாளுக்கு ஒரு மேடு, ஒரு பள்ளம். மேகம் மூடிய நாளின் மேடு தாழ்ந்திருக்கும். நேற்று மலையில் வெயில் எப்படி அடித்தது என்பதை இன்றைய நீர்மட்டத்தில் படிக்கலாம்.

பனியின் நிறத்தையும் சொல்ல வேண்டும். ரியோ கிராண்டே பிறக்கும் கொலராடோவின் சான் வான் மலைகளில், மேற்கேயுள்ள பாலைநிலத்துப் புழுதி வசந்தக் காற்றில் வந்து படியும். அதன்மேல் மறுபடி பனி விழும், மறுபடி புழுதி. உருகத் தொடங்கியதும் புதைந்த புழுதி ஒவ்வொரு அடுக்காக மேலே வந்து ஒன்றுசேர, மே மாதத்தில் பனியே செம்பழுப்பாகிவிடும். வெண்பனி வெயிலைத் திருப்பி அனுப்பும். பழுப்புப் பனி குடித்துக்கொள்ளும். புழுதி மிகுந்த ஆண்டுகளில் வாரக் கணக்கில் முன்னதாகவே பனி தீர்ந்துவிடுகிறது. தாமதம் சுருங்குவது உழவர்களுக்குப் பெரிய கவலை. ஜூலை மழை வரும்வரை அவர்களைக் காப்பது இந்தப் பனிதான்.

அந்த நீரை வயலுக்குக் கொண்டுபோகும் மண் வாய்க்கால்களை அசேக்கியா என்பார்கள். 1598-இல் ஸ்பானியர் குடியேறியதிலிருந்து தொடரும் மரபு. மாநிலத்தில் ஏறக்குறைய 700 வாய்க்கால்கள் இன்றும் இயங்குகின்றன. பாசனதாரர்களே தேர்ந்தெடுக்கும் மயோர்டோமோ முறை வைத்துத் தண்ணீர் விடுவார். வசந்தத்தில் எல்லாரும் மண்வெட்டியோடு வந்து தூர் வாருவார்கள். அதன்பின் மதகைத் திறந்ததும் வரும் முதல் தண்ணீரைப் பார்க்கவே போகலாம். தண்ணீருக்கு முன்னால் நுரையும் சருகும் சுள்ளியும் ஒரு சுருளாக உருண்டு வரும்; அதற்கும் முன்னால் பூச்சிகள் விழுந்தடித்து ஓடும். காய்ந்த மண் உறிஞ்சிக்கொள்ள, தண்ணீர் நின்று நின்று நடக்கும். மண் வாய்க்காலில் கசிவதெல்லாம் வீண் என்ற பேச்சு வெகுகாலம் இருந்தது. அல்கால்டேயில் நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தபோது, கசிந்த நீர் நிலத்தடியில் தங்கி, பின்பு மெதுவாக ஆற்றுக்கே திரும்புவது தெரிந்தது.

ஆற்றங்கரையில் நிற்கும் காட்டன்வுட் மரங்களுக்கு இந்தக் கணக்கு எப்போதோ தெரியும். வெள்ளம் வடியும் நாட்களாகப் பார்த்துத்தான் அவை பஞ்சு வெடிக்கின்றன. காற்றில்லாத மாலையிலும் பஞ்சு மிதந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு பிசிறிலும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு விதை. அதன் உயிர் சில வாரங்களுக்குமேல் தாங்காது. வெள்ளம் அப்போதுதான் விட்டுப்போன ஈரவண்டல், வேறு செடி எதுவும் பிடிக்காத வெற்று மண், அதற்கு வேண்டும். கிடைத்தால் ஓரிரு நாளில் முளைத்துவிடும். பிறகு வடியும் ஈரத்தைத் துரத்திக்கொண்டு வேர் இறங்க வேண்டும்; ஈரம் நாளுக்கு 2.5 சென்டிமீட்டர் அளவில் இறங்கினால் வேரும் கூடவே போகும். அதைவிட வேகமாக வடிந்தால் கன்று பட்டுப்போகும். 1970-களில் கொச்சிடி அணை நீர் தேக்கத் தொடங்கியதும் கீழே பெருவெள்ளம் அடங்கிவிட்டது. ஆல்புகெர்க்கி நகரையொட்டிய ஆற்றோரத் தோப்பில் இன்று நிற்கும் பெருமரங்களில் பெரும்பாலானவை அணைக்கு முந்தைய வெள்ளங்களில் முளைத்தவை. அவற்றின் பஞ்சு இன்றும் நாள் தவறாமல் பறக்கிறது. இறங்க வண்டல்தான் இல்லை. இது எனக்கு ஆறாத வருத்தம்.

ஜூன் பாதியில் வானத்தின் முறை வரும். தொலைவில் மேகத்தின் அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் மழைத்தாரை இறங்கும். பாதி வானம் வரை தெளிவாகத் தெரியும். பிறகு நுனி மெலிந்து, ஒருபுறம் சாய்ந்து, இல்லாமல் போகும். வானிலையாளர்கள் இதை விர்கா என்பார்கள். மேகத்தின் அடி மிக உயரத்தில் இருக்கிறது. நடுவே இருப்பது வறண்ட காற்று. துளி தரைக்கு வருமுன் ஆவியாகிறது. மழை பெய்கிறது, யார்மேலும் விழுவதில்லை. ஆனால் ஆவியாகும் துளி காற்றின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. குளிர்ந்த காற்று கனத்துக் கீழே கொட்டி, தரையில் மோதி நாலா பக்கமும் விரிகிறது. முதலில் புழுதி எழும்பும். பின்பு சட்டென்று உடம்பு சிலிர்க்கும். வராத மழையின் குளிர்ச்சி மட்டும் வந்துவிட்டது. அதோடு மின்னலும் உண்டு. ஈரமில்லாத காட்டில் அது விழும் மாலைகளில் இங்கே யாருக்கும் நிம்மதி கிடையாது.

உண்மையான மழை ஜூலைத் தொடக்கத்தில். ஜூன் 24, புனித யோவான் திருநாளிலிருந்தே இங்கத்துப் பெரியவர்கள் அதை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். முதல் துளிகள் சேஜ் இலையில் பட்டதும் எழும் மணத்தில் கற்பூரத்தின் நெடி உண்டு. அந்த இலையின் எண்ணெயில் கற்பூரமே இருக்கிறது. மரிக்கொழுந்தும் சேஜும் ஒரே பேரினத்துச் செடிகள். நம்மூர்ப் பூக்கடையை அறிந்த மூக்குக்கு இந்தப் பாலையின் மழை முற்றிலும் அந்நியமாகப் படாது.

அந்த இரவில் தாமதத்துக்கு இடமே இல்லாத ஒன்று நடக்கும். பின்னங்காலில் மண் தோண்டுவதற்கென்றே கறுத்த விளிம்பு கொண்ட ஸ்பேட்ஃபுட் தேரைகள் வறண்ட மாதங்களையெல்லாம் மண்ணுக்குள் கழிப்பவை. மண்ணில் மழை மோதும் அதிர்வு எட்டியதும் மேலே வந்து, லாரித் தடத்தில் தேங்கிய நீரிலும் கூடிக் கரகரவென்று கத்தித் தீர்க்கும். முட்டை ஓரிரு நாளில் பொரியும். குட்டையோ சில வாரங்களில் வற்றிவிடும். அதே குட்டையில் பொரித்த சிற்றிறால்கள் தின்னக் கிடைத்த தலைப்பிரட்டைகள் சிலவற்றுக்குத் தலை பருத்து, தாடை வலுத்து, உருவமே மாறும். பாசி தின்று வளர்பவற்றைவிட இவை வேகமாக முற்றி, தண்ணீர் தீருமுன் கால் முளைத்துக் கரையேறிவிடும்.