தங்கமும் எஃகுக் குண்டும்

பின்பால் யந்திரத்துக்கு ஒரு விமர்சனமா என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். வெளியே ஒரு படம், படத்துக்கு ஒரு கதை, உள்ளே ஒரு பொறி. இவை மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது, நாவலை எடைபோடுவது போன்ற காரியந்தான்.

நான் சொல்ல வந்தது 'க்ளாண்டைக்' என்ற யந்திரத்தைப் பற்றி. சிகாகோவில் வில்லியம்ஸ் கம்பெனியார் 1971-ல் செய்தது. கானடாவின் வடமேற்கு மூலையில் நடந்த தங்க வேட்டைதான் அதன் விஷயம். யந்திரத்துக்குள் கம்ப்யூட்டர் புகுவதற்கு முந்திய ஜாதி. காசு போட்டதும் மோட்டார் முனகும், ரிலேக்கள் படபடக்கும், எண் சக்கரங்கள் பூஜ்யத்துக்குத் திரும்பும். வில்லை இழுத்துவிட்டால் எஃகுக் குண்டு சரிவுப் பலகையின் உச்சிக்கு ஓடும். முட்டுகிற இடங்களில் எண் ஏறும். இறங்கி வரும் குண்டைச் சிறு மட்டைகளால் தட்டி மேலே அனுப்ப வேண்டும்.

இந்தத் துறையில் விஷயம் என்பது பெரும்பாலும் மேல்பூச்சு. படத்தை மாற்றினால் அதே பலகை சீட்டாட்டக் கதையாகிவிடும். பாத்திரங்களின் பெயரை மட்டும் மாற்றி எழுதும் தொடர்கதைகள் நமக்குத் தெரியாதவையா?

ஆனால் இங்கே, செய்தவர்கள் நினைத்தார்களோ இல்லையோ, பூச்சு உள்ளேயும் இறங்கியிருக்கிறது. 1896-ல் தங்கம் அகப்பட்டது. செய்தி பரவியதும் சுமார் 1,00,000 பேர் கிளம்பினார்கள். போய்ச் சேர்ந்தவர்கள் 30,000 முதல் 40,000 பேர். தங்கத்தைக் கண்டவர்கள் ஏறக்குறைய 4,000 பேர்தான். நல்ல நிலத்தையெல்லாம் முன்னால் வந்தவர்கள் வளைத்துக்கொண்டுவிட்டார்கள். யந்திரமும் அப்படித்தான். எண்கள் ஏறுகின்றன, மிஞ்சிப் போனால் இன்னோர் ஆட்டம் இனாமாகக் கிடைக்கும். ஆத்திரத்தில் யந்திரத்தைப் பிடித்து உலுக்கினாலோ, உள்ளே தொங்கும் ஊசல் வளையத்தைத் தொட்டுவிடும், 'டில்ட்' என்று விளக்கு எரியும், மட்டைகள் செத்துப்போகும்.

சூதாட்டம் என்று சொல்லி நியூயார்க் நகரம் 1942-ல் பின்பாலைத் தடை செய்தது. அன்று அது நியாயமாகக்கூட இருந்திருக்கலாம். மட்டைகள் வந்தது 1947-ல்தான். அதற்கு முன்பு குண்டை விட்டுவிட்டு விதியைப் பார்த்து நிற்க வேண்டியதுதான். கைத்திறனுக்கு இதில் இடமுண்டு என்று ஒப்புக்கொண்டு 1976-ல் தடையை எடுத்தார்கள்.

கைத்திறன் எவ்வளவு இருந்தாலும் குண்டு கடைசியில் குழியில் விழத்தான் போகிறது; அதைத் தெரிந்துகொண்டே மட்டையைத் தட்டுகிறோம். படத்திலுள்ள தங்கத்தைவிட இந்தப் பிடிவாதத்தில்தான் க்ளாண்டைக்கின் உண்மைக் கதை இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். நல்ல நாவலிடம் நான் எதிர்பார்ப்பதும் இதற்கு மேல் அதிகமில்லை.