உறுமியும் கணினியும்: மாதிரி ஒலித்தொகுப்புத் தெரிவு குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

வீட்டுக் கணினியில் நடன இசை அமைப்போர் பலர் இசைக்கருவியை வாசிப்பதில்லை. பிறர் வாசித்துப் பதிந்த ஒலித்துண்டுகளைத் தெரிந்தெடுத்து அடுக்குகின்றனர். சேம்பிள் பேக் என இளைஞர் வழங்கும் மாதிரி ஒலித்தொகுப்பே அவர்தம் மூலப்பொருள். எனவே, இவ்விசையில் தெரிவே படைப்பின் முதற்படியாகிறது. கவிஞரின் சொல்லாட்சியை ஆராய்வது போன்று இத்தெரிவையும் ஆராயலாம் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பினாங்கு இதற்கு ஏற்ற களமாகும். தைப்பூசக் காலத்தில் ஜார்ஜ் டவுனிலிருந்து தண்ணீர்மலைக்குச் செல்லும் வழியில் உறுமி மேளம் முழங்குகிறது. அம்முழக்கத்தைக் கேட்டு வளர்ந்த இளைஞர் விலைக்கு வாங்கும் தொகுப்புகளில் அவ்வொலி அரிதாகவே காணப்படுகிறது. அதன் பெயரோடு காணப்படுவது அதனினும் அரிது. இவ்விடைவெளி ஒலி, வகைப்பாடு, உரிமை என்னும் மூன்று நிலைகளில் இங்கு நோக்கப்படுகிறது.

ஒலி

தொகுப்புகளில் இருவகைத் துண்டுகள் உள்ளன. ஒன்று, ஒரே ஓர் அடியின் தனியொலி. மற்றொன்று, திரும்பத் திரும்ப ஒலிக்கத்தக்க தாளச்சுற்று. 1998இல் வெளிவந்த ஆசிட் என்னும் மென்பொருள், வெவ்வேறு வேகத்தில் பதிவான சுற்றுகளை ஒரே வேகத்திற்குத் தாமாகவே இசையச் செய்தது. 2001இல் வெளிவந்த ஏபிள்டன் லைவ் இவ்வசதியை மேலும் வளர்த்தது. பயிற்சிக்கூடமும் பெரும்பொருளும் இல்லாத இளைஞருக்கு இவை கதவு திறந்தன என்பதை மறுத்தற்கில்லை.

ஆயினும், எல்லாக் கருவிகளும் இம்முறைக்கு ஒருங்கே இணங்குவதில்லை. உறுமியின் ஒரு முகம் அடிக்கப்படுகிறது. மறுமுகம் வளைந்த குச்சியால் உரசப்படுகிறது. உரசலில் எழும் ஒலி ஒரே சுருதியில் நில்லாது வழுக்கிச் செல்கிறது. அக்கருவியின் பெயருக்கே காரணமான உறுமல் அவ்வழுக்கலில்தான் உள்ளது. தனியடிகளாக நறுக்கும்போது அடி எஞ்சுகிறது, உறுமல் மறைகிறது.

தாளத்திலும் இத்தகைய இழப்பு நேர்கிறது. நடன இசை மென்பொருள் பொதுவாக ஒரு சுற்றை நான்கு எண்ணிக்கையாகவும் பதினாறு கட்டங்களாகவும் பகுக்கிறது. நம் நாட்டார் அடிகள் பலவோ திஸ்ர நடையில் அமைந்தவை. மூன்று சமக் கூறுகளை நான்கின் கட்டத்துள் தள்ளினால் அவற்றின் சமநிலை குலைகிறது. கட்டத்தை மும்மையாக மாற்றும் வசதி மென்பொருளில் உண்டு. அதை நாட வேண்டும் என்று உணர்த்துவது செவிப்பயிற்சியே. ஆதலின், நல்ல தொகுப்பின் முதல் அளவுகோல், தனியடிகளுடன் நீண்ட, நறுக்கப்படாத வாசிப்பையும் அது தருகிறதா என்பதாகும்.

வகைப்பாடு

தொகுப்புகளில் ‘இந்தியத் தாளம்’ என்ற உறையைத் திறந்தால் பெரும்பாலும் தபேலாவும் டோலக்கும் கிடைக்கின்றன. எஞ்சிய தோற்கருவிகள் ‘உலக இசை’, ‘பழங்குடி’ போன்ற பொதுப்பெயர்களுள் அடங்கிவிடுகின்றன. பெயரற்ற ஒலியைத் தேடிக் கண்டடைய இயலாது.

தமிழ் மரபு இதற்கு நேர்மாறானது. தொல்காப்பியம் பறையைக் கருப்பொருளாக வைத்தது. பின்வந்த இலக்கணநூலார் குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, பாலைக்குத் துடி என நிலந்தோறும் வேறு பறை கூறினர். சிலப்பதிகாரத்திற்கு உரைகண்ட அடியார்க்கு நல்லார், தோற்கருவிகளைப் பெயர் சுட்டி வரிசைப்படுத்தி, அகமுழவு, புறமுழவு முதலிய வகைகளாகப் பகுத்தார். அரங்கேற்று காதையும் ஆடலாசிரியனோடு தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளைத் தனித்தனியே கூறுகிறது. ஒலி எந்த நிலத்தது, எவருடையது, எவ்வினைக்குரியது என்னும் வினாக்கள் நமக்குப் புதியன அல்ல. இன்றைய தொகுப்புகளில் காணாமற்போனவை இவ்வினாக்களே.

உரிமை

வின்ஸ்டன்ஸ் குழுவினர் 1969இல் வெளியிட்ட பாடலொன்றில் கிரெகரி கோல்மன் வாசித்த, ஏறத்தாழ 7 விநாடி நீளமுள்ள முரசுப் பகுதி, பின்னாளில் ஆயிரக்கணக்கான பாடல்களில் எடுத்தாளப்பட்டது. கோல்மன் அதற்கென உரிமைத்தொகை பெறாமலேயே 2006இல் மறைந்தார். நடன இசை வரலாற்றின் ஆறாத வடு இது.

‘உரிமைத்தொகையற்றது’ என விற்கப்படும் தொகுப்பு, வாங்கியவர் மீண்டும் பணம் செலுத்த வேண்டியதில்லை என்பதையே குறிக்கிறது. வாசித்தவருக்கு உரியது சேர்ந்ததா என்பதை அது கூறுவதில்லை. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஒலிப்பதிவையும் காக்கிறது. ஆயின், ஊர்வலத்தில் கைப்பேசியால் பதிந்து வெட்டி விற்கப்படும் உறுமியொலிக்குப் பின்னால் நிற்கும் கலைஞரின் பெயரே பதிவாகாதபோது, அவர் எதைக் கொண்டு உரிமை கோருவார்?

மாற்றுவழிக்குச் சான்றுகள் உண்டு. யோகி பியும் நட்சத்திராவும் 2006இல் வெளியிட்ட ‘வல்லவன்’ தொகுப்பிலுள்ள ‘மடை திறந்து’, 1980இல் வெளிவந்த ‘நிழல்கள்’ படத்திற்கு இளையராஜா இசையமைத்த பாடலை அடியாகக் கொண்டது. மூலம் எதுவெனக் கேட்போர் அறிவர்; புதியதைப் பழையதோடு ஒப்பிட்டு எடைபோடுவர். மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2007இல் வெளியிட்ட ‘காலா’ தொகுப்பில் உறுமி அலங்காரமாக அன்றிப் பாடலின் முதுகெலும்பாகவே அமைந்தது. முகவரியுள்ள ஒலி உரையாடலைத் தோற்றுவிக்கிறது. முகவரியற்ற ஒலி பின்னணியாக மட்டுமே எஞ்சுகிறது.

முடிவுரை

தூய பதிவு, பொருந்தும் வேகம், குறைந்த விலை ஆகியவற்றைக் கொண்டே தொகுப்புகள் இன்று மதிப்பிடப்படுகின்றன. அவற்றோடு நறுக்கப்படாத வாசிப்பு, கருவியின் உரிய பெயர், கலைஞரின் பெயரும் இசைவும் ஆகிய மூன்றும் அளவுகோல்களாக வேண்டும். இம்மூன்றும் நிறைந்த உறுமித் தொகுப்பு வணிகத்தில் தானாகத் தோன்றும் எனக் காத்திருத்தல் பயன் தராது. மாணவரும் ஆசிரியரும் பினாங்கின் உறுமி மேளக் குழுக்களை அணுகி, உரிய ஊதியமும் ஒப்பந்தமும் அளித்து, நடைகளைப் பெயரோடு பதிவு செய்வது பல்கலைக்கழகத் தமிழியல் துறைகளின் ஆற்றலுக்கு உட்பட்ட பணியே. நாட்டார் பாடல்களைத் தொகுத்த தலைமுறை ஏட்டையும் ஒலிநாடாவையும் கையாண்டது. இத்தலைமுறைக்குக் கணினியின் ஒலிக்கோப்பு வாய்த்திருக்கிறது. அதனை வெறும் மூலப்பொருளாகக் கொள்வதா, ஆவணமாகவும் போற்றுவதா என்பது நம் தெரிவைப் பொறுத்தது.