மறுமுறை கண்ட ‘வீடு’

பந்துலுவின் ‘கர்ணன்’ 2012-ஆம் ஆண்டில் டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரைக்கு வந்து வெற்றி கண்ட நாள்முதல், அதன்பின் 2014-இல் ‘ஆயிரத்தில் ஒருவ’னும் 2024-இல் ‘கில்லி’யும் அரங்குகளை நிறைத்த நாள்வரையில், நம் பத்திரிகைகளில் ஒரு கருத்து வேதவாக்காகவே நிலைபெற்றுவிட்டது: மறுவெளியீட்டுக்குக் கூட்டம் சேர்வது பழமை மோகத்தினால்; ஜனங்கள் டிக்கெட் வாங்கித் தங்கள் இளமையை மீட்டுக்கொள்கிறார்கள் என்பதே அது. கேட்பதற்கு இனிமையான இந்த அபிப்பிராயம் முற்றிலும் தவறு என்று கருதுகிறேன். மறுபடி பார்க்கும் படம் இளமையைத் திருப்பித் தருவதில்லை. அன்று அங்கே உட்கார்ந்திருந்தவனை இன்றைக்கு இருப்பவன்முன் கொண்டுவந்து நிறுத்துகிறது. அந்தச் சந்திப்பு எப்போதும் சந்தோஷமாக இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

மறுபடி பார்த்தல் தமிழனுக்குப் புதிய வழக்கமன்று. 1944-இல் வெளியான ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதன் நாயகர் தியாகராஜ பாகவதரின் பாட்டுக்காகத் திரும்பத் திரும்பச் சென்றவர்கள், பஜனைக்கும் கதாகாலட்சேபத்துக்கும் செல்வதைப்போலச் சென்றார்கள். கேட்டதையே கேட்பதில் உள்ள பரவசம் அது. 1952-இல் ‘பராசக்தி’ வந்தபோது வசனத்தை மனனம் செய்வதற்காகச் சென்றார்கள். பொன்னேரி, ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களின் டென்ட் கொட்டகைகளிலோ, மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்து, வேறு படம் வராத காரணத்தாலேயே அதே படத்தை இரண்டாம் ஆட்டத்திலும் பார்த்தார்கள்.

சினிமாவைப் பற்றிய எழுத்தும் இதே வேகத்தில் வளர்ந்தது. கல்கி விகடனில் விமர்சனத்தை ரசமான கலையாக்கினார். புதுமைப்பித்தன் சினிமாவுக்கே போய்த் தம்மை இழந்தார். ஜெமினி ஸ்டூடியோவில் பதினான்கு ஆண்டுகள் உழைத்த அசோகமித்திரன், திரைக்குப் பின்னால் கரைந்துபோகும் மனிதர்களை ‘கரைந்த நிழல்க’ளில் நமக்குக் காட்டினார். தியடோர் பாஸ்கரன் நம் சினிமாவுக்குச் சரித்திரம் என்ற ஒன்றையே ஏற்படுத்தித் தந்தார். இவர்களுக்கு நாம் பட்ட கடன் பெரிது. ஆயினும் படத்தை எழுதுகிறவன் அதை எந்த வயதில், எந்த ஊரில், எந்தக் கூலியில் இருந்தபோது பார்த்தான் என்ற கேள்வி இந்த மரபில் அரிதாகவே எழுந்தது. படம் ஒரு ஸ்திரமான வஸ்து, பார்ப்பவன் ஒரு ஸ்திரமான ரசிகன் என்ற நம்பிக்கையில் விமர்சனம் நடந்துகொண்டிருக்கிறது. முதல் நாள் முதல் காட்சி முடிவதற்குள் தீர்ப்பெழுதும் இக்காலத்து அவசரம் அந்த நம்பிக்கையின் கடைசிச் சீரழிவு.

எனக்கு இதைக் கற்றுத் தந்த படம் பாலு மகேந்திராவின் ‘வீடு’.

1989-இல் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் ஒரு ரோலிங் மில்லில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஊராருடைய வீடுகளுக்கெல்லாம் போகும் கம்பியைச் செந்தணலாகக் கண்முன் ஓடவிட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு, நான்கு பேர் படுத்தால் கதவைத் திறக்க முடியாத ஓர் அறைதான் வீடு. விருது பெற்ற மாநில மொழிப் படங்களைத் தூர்தர்ஷன் காட்டிவந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், நைட் ஷிப்ட் முடிந்த தூக்கக் கலக்கத்தோடு, பக்கத்து வீட்டுக் கறுப்பு வெள்ளைப் பெட்டியில் அதைப் பார்த்தேன். வாடகை வீட்டைக் காலி செய்யவேண்டிய சுதா, தாத்தாவையும் தங்கையையும் வைத்துக்கொண்டு, கடனுக்கும் லஞ்சத்துக்கும் நடுவே சொந்த வீடு கட்ட முயலும் கதை. சுதாவாக நடித்த அர்ச்சனாவின் முகத்தை மட்டுமே பார்த்தேன். ஆபீசர்களின்மேல் கோபம் வந்தது; அந்தக் கோபமே எனக்குப் போதுமான அரசியலாக இருந்தது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, திருவள்ளூரில் மணவாள நகருக்கு அப்பால் வாங்கிய மனையில் நானே கடன் எடுத்துக் கட்டத் தொடங்கினேன். சிமெண்ட் மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டு மூடி, பக்கத்திலேயே படுத்து, விடிந்ததும் முதல் வேலையாக எண்ணிப் பார்ப்பேன். ஐப்பசி மழையில் பாதி நாளோடு வேலை நின்றபோது, ஒரு சித்தாளுக்கு அரைநாள் கூலியைப் பிடித்துக்கொண்டேன். அந்த அம்மாள் சண்டை போடவில்லை. ஈரச் சும்மாட்டைப் பிரித்து உதறி இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். அந்த வாரத்திலேயே, வாடகைக்கு எடுத்த ஒரு சிடியில் ‘வீடு’ மறுபடியும் கண்ணில் பட்டது. முதல் முறை நான் கவனித்தே இராத மங்கம்மா, கான்டிராக்டரின் சிமெண்ட் திருட்டைச் சுதாவுக்கு அறிவிக்கிற சித்தாள் மங்கம்மா, திரை முழுவதையும் ஆக்கிரமித்துக்கொண்டாள். தனக்குச் சொந்தமல்லாத ஒரு வீட்டுக்காகத் தன் பிழைப்பைப் பணயம் வைக்கும் அந்தப் பெண்ணின் முன்னால் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. படம் மாறவில்லை. சுதாவின் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பதாக நினைத்திருந்த நான், பன்னிரண்டு வருஷங்களில் எந்தப் பக்கம் வந்து சேர்ந்திருக்கிறேன் என்பதை அது சொல்லிற்று. மறுநாள் அந்த அம்மாளைத் தேடினேன். வேறு சைட்டுக்குப் போய்விட்டதாக மேஸ்திரி சொன்னார்.

தாம் சிறுவனாக இருந்தபோது மட்டக்களப்பில் வீடு கட்டிய காலத்தில் தம் தாயாரின் சிரிப்பு மறைந்துபோனதையே இப்படத்தின் வித்தாகப் பாலு மகேந்திரா சொல்லிவந்தார். ஆகவே அவருக்கும் இது ஒரு மறுபார்வைதான். மகனாகக் கண்டதை, பெரியவனான பிறகு தாயின் இடத்திலிருந்து கண்டது. வெறும் பழமை மோகத்தால் இத்தகைய காரியம் நடக்காது. மோகம் பழையதை அழகாக்கும். ஞாபகமோ கணக்குக் கேட்கும்.

சென்ற ஆண்டு, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பேத்தியின் செல்போனில் மூன்றாம் முறை பார்த்தேன். இப்போது என் கண் தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதரைவிட்டு அகலவில்லை. பாதி எழும்பிய வீட்டைத் தனியே பார்க்க வந்து, பூசாத சுவரைத் தடவிக்கொண்டு அறை அறையாக நடக்கும் அந்தத் தாத்தா, வீடு முடிவதைக் காணாமலே காலமாகிறார். அந்த நிலமோ குடிநீர் வாரியம் முன்னமே எடுத்துக்கொண்ட நிலம். இளமையில் அநீதியாகத் தெரிந்த அந்த முடிவைவிட, அந்தக் கை சுவரில் நகர்ந்த விதமே இன்று எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

நம் விமர்சகர்கள் இனி இந்த வழியில் எழுதவேண்டும் என்பது என் வேண்டுகோள்: ஒரு படத்தைப் பல ஆண்டுகள் இடைவெளிவிட்டுப் பார்த்து, முந்தைய தங்கள் தீர்ப்பையும் அதை எழுதிய தங்களையும் சேர்த்து விசாரிக்கும் எழுத்து. ஆனால் அதற்குப் படம் உயிரோடிருக்கவேண்டும். கூட்டம் சேர்க்கும் படங்களைப் புதுப்பிக்கப் பணம் கிடைக்கிறது. ‘வீடு’ படத்தின் மூல நெகட்டிவ் அழிந்துவிட்டதென்று 2014-இல் மறைவதற்கு முன் பாலு மகேந்திராவே வருந்திச் சொன்னார். முதலில் பார்த்தது கறுப்பு வெள்ளையில். அடுத்தது நீலம் பாரித்த சிடியில். கடைசியாகப் பார்த்தது வெளிறிப்போன ஒரு பிரதியில். மூன்று முறை பார்த்தும், அந்தத் தாத்தா தடவிய செங்கல் என்ன நிறமென்று எனக்குத் தெரியாது.