மீட்டுப் பார்க்காத பேக்கப்

மதுரையை அடுத்த ஒத்தக்கடையில் கடை அடைக்கிறவர்கள் கல்லாவைப் பூட்டி, மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் ஷட்டரை இழுக்கிறார்கள். மின்கசிவால் கடை எரிந்த செய்திகளைக் கேட்டு வளர்ந்த பழக்கம் அது, நல்ல பழக்கம். அதே கடையின் மூலையில் கணக்கு சர்வர் ஒன்று இருக்கும். யாரும் வேலை செய்யாத நேரம் என்று இரவு இரண்டு மணிக்குப் பேக்கப் ஓடும்படி, மென்பொருளைப் போட்டுக் கொடுத்தவர் அமைத்திருப்பார். அதுவும் சரியான யோசனைதான். ஆனால் இரண்டு மணிக்கு அந்தப் பெட்டியில் கரண்ட் இருக்காது. விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில், தவறிப்போன வேலையைப் பிறகு முடிந்தவரை சீக்கிரம் ஓட்டச் சொல்லும் ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் போட்டிருந்தால் காலையில் சர்வரைப் போட்டதும் பேக்கப் ஓடியிருக்கும். அந்த டிக்கை நாமாகத்தான் போட வேண்டும். போடாத இடத்தில் மாதக்கணக்கில் ஒரு பிரதிகூட உருவாகியிருக்காது. கடைக்காரரும் கணக்கரும் பேக்கப் இருக்கிறது என்றே நம்பிக்கொண்டிருப்பார்கள்.

மேலூர் சாலையில் 2004 ஜூலையில் உயர் நீதிமன்றக் கிளை வந்த பிறகு இந்தப் பக்கம் காகிதமும் கணினியும் சேர்ந்தே பெருகின. வக்கீல் அலுவலகங்கள், டைப்பிங், ஜெராக்ஸ் கடைகள், ரத்தப் பரிசோதனைக் கூடங்கள், உரக்கடைகள் என்று எங்கே போனாலும் ஏதோ ஒரு பேக்கப் ஏற்பாடு இருக்கிறது. “பேக்கப் எடுக்கிறீங்களா?” என்று கேட்டால் “டெய்லி ஆட்டோமேட்டிக்கா ஆயிடும் சார்” என்று பதில் வரும். அந்தப் பதிலில் பொய் இல்லை. “கடைசியா எப்ப அதிலிருந்து ஒரு ஃபைலைத் திருப்பி எடுத்துப் பார்த்தீங்க?” என்பது அடுத்த கேள்வி. அதற்குத்தான் பதில் கிடைப்பதில்லை. பேக்கப் என்ற நடைமுறையை எடைபோட வேண்டியது இந்த இரண்டாவது கேள்வியை வைத்துத்தான் என்று நினைக்கிறேன்.

நடைமுறையின் பலத்தை மறுப்பதற்கில்லை. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில், தரவைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தது. ஐந்து சர்வர்களில் இருந்த சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டதாக அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. ஓபி சீட்டு முதல் பரிசோதனை முடிவு வரை எல்லாம் கைப்பட எழுதும் நிலை வந்தது. ஆனால் நோயாளிகளின் இ-ஹாஸ்பிடல் தரவு முழுவதும் திரும்பக் கிடைத்தது. தாக்குதல் எட்டாத ஒரு பேக்கப் சர்வர் தனியே இருந்ததுதான் காரணம். பேக்கப்பால் பயனில்லை என்று யாரேனும் சொன்னால் இந்த ஒரு சம்பவமே அவருக்குப் பதில். அதே சம்பவத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: தரவு பத்திரமாக இருந்தும் சேவைகள் சீராக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆனது. புது சர்வர்களை நிறுத்தி, வலையமைப்பைச் சுத்தம் செய்து, தரவை ஏற்றி, சரிபார்க்க அவ்வளவு நாள் பிடித்தது. கையில் பிரதி இருந்தாலே மறுநாள் காலையில் வேலை தொடங்கிவிடலாம் என்று எண்ணுகிறவர்கள் இந்த இரண்டு வாரத்தை மறந்துவிடுகிறார்கள்.

இனி குறைகள். பேக்கப் பழுதுகளில் சத்தம் போடுகிறவை உண்டு, போடாதவையும் உண்டு. சத்தம் போடுகிறவற்றை விரைவில் கடந்துவிடலாம். டிஸ்க் நிரம்பிவிட்டது, பேக்கப் ஓடும் கணக்கின் பாஸ்வேர்டை யாரோ மாற்றிவிட்டார்கள், வெளி ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேறு துளையில் செருகியதால் ‘இ’ டிரைவ் ‘எஃப்’ ஆகிவிட்டது, நெட்வொர்க் ஃபோல்டருக்கு எழுதும் அனுமதி போய்விட்டது. இவை எல்லாம் லாகில், அதாவது கணினியின் பதிவேட்டில், சிவப்பாக எழுதப்பட்டிருக்கும். லாகைத் திறக்கிறவர் அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். பழுது பார்ப்பவர்கள் கற்றுக்கொடுக்கும் வழிமுறைகளில் பெரும்பகுதி இவற்றைப் பற்றியதே.

கெடுதல் செய்கிறவை மற்றவை. லினக்ஸ் சர்வர்களில் பரவலாகக் காணக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். மைஎஸ்க்யூஎல் டம்ப் எடுத்து, அதை நேராக ஜிஜிப்புக்குள் அனுப்பிச் சுருக்கும் ஒற்றை வரிக் கட்டளை அது. பாஸ்வேர்டு தவறானால் டம்ப் தோற்றுவிடும். ஜிஜிப்போ தனக்கு வந்த வெறுமையை ஒழுங்காகச் சுருக்கி, ‘வெற்றி’ என்று சொல்லி முடித்துவிடும். குழாய் வழிக் கட்டளைகளில் கடைசிக் கட்டளையின் முடிவையே ஷெல் எடுத்துக்கொள்ளும் என்பதால், வேலை வெற்றி என்றே பதிவாகும். ஃபோல்டரில் தினமும் தேதியிட்ட ஒரு ஃபைல் சேர்ந்துகொண்டே போகும். ஒவ்வொன்றும் 20 பைட். ஸ்கிரிப்டின் தலையில் ‘பைப்ஃபெயில்’ அமைப்பை ஒரு வரி சேர்த்தால் இது தீரும். ஃபைலின் அளவை ஒருமுறை கண்ணால் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்கும். பெயரையும் தேதியையும் பார்த்துத் திருப்தியடைகிறோம், அளவைப் பார்ப்பதில்லை.

இன்னொன்று, ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் ஃபைல்களைச் சாதாரண காப்பி போல எடுப்பது. எஸ்க்யூஎல் சர்வராக இருந்தால் ஃபைல் பூட்டியிருக்கிறது என்று மறுத்துவிடும்; அந்த மறுப்பு ஒரு விதத்தில் உதவி. லினக்ஸில் ஓடும் போஸ்ட்கிரெஸில் காப்பி தடையில்லாமல் நடக்கும். பாதி பழைய பக்கங்களும் பாதி புதிய பக்கங்களுமாக ஒரு பிரதி கிடைக்கும். அளவும் சரியாக இருக்கும். அதை ஏற்றிப் பார்க்கும் நாளில்தான் அது உடைந்தது என்று தெரியவரும். மூன்றாவது, ‘மிரர்’ வகைப் பிரதி. மூலத்தில் அழித்ததை அது பிரதியிலும் அழிக்கும். காலையில் ஒருவர் தவறுதலாக ஒரு வருடக் கோப்புகளை நீக்கினால், இரவில் அந்தத் தவறும் விசுவாசமாகப் பிரதியெடுக்கப்படும். டிஸ்க் செத்துப்போனால் இது காப்பாற்றும். மனிதத் தவறிலிருந்து காப்பாற்றாது. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால் இழந்தவர்கள் ஏராளம்.

சிறிய கடைக்காரர்களுக்கு மட்டும் நேர்வது என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில், பின்னிரவு வேலையில் இருந்த பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவுத்தள ஃபோல்டரை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. மென்பொருள் எழுதுவோருக்கே சேவை தரும் நிறுவனம் அது. பேக்கப்புக்கு ஐந்து வழிகள் வைத்திருந்தார்கள். தேவைப்பட்ட அன்று ஐந்தில் ஒன்றும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. தினசரி டம்ப், தரவுத்தளம் 9.6 பதிப்பில் இருக்க 9.2 பதிப்புக் கருவியால் ஓடித் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களோ, அனுப்புநர் சரிபார்ப்பு விதியில் சிக்கி, யாருக்கும் போய்ச் சேரவில்லை. சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு பிரதிதான் அவர்களைக் காப்பாற்றியது. நடந்ததை ஒளிக்காமல் அவர்கள் வெளியிட்டதால்தான் நாம் இன்று படிக்கிறோம். அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். அறிவிப்பு வரவில்லை என்பதை ‘எல்லாம் நலம்’ என்று படித்ததுதான் அங்கே ஆழமான பழுது. வெற்றி என்று தினமும் வரும் மின்னஞ்சலை மூன்றாம் வாரத்திலிருந்து யாரும் திறப்பதில்லை. அது வராமல் நின்றாலும் யாரும் கவனிப்பதில்லை. வராதபோது கூப்பிடும் ஏற்பாடு வேண்டும்.

நமக்கு இன்னும் பக்கத்தில் நடந்தது கொழும்பில். 2023 ஆகஸ்ட் கடைசியில் இலங்கை அரசின் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் மீது ரான்சம்வேர் தாக்கியது. அரசு மின்னஞ்சல் முகவரிகள் சுமார் 5,000 பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அதில் உண்டு. மென்பொருள் காலாவதியான பழைய பதிப்பு. அமைப்பைப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் எழுப்பிவிட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அஞ்சல்கள் போயே போயின. அந்தக் காலத்துக்கு மீட்கத்தக்க பிரதியே இல்லை. எய்ம்ஸையும் இதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஓரிடத்தில் தரவு முழுதாக வந்தது, சேவை தாமதமானது. மற்றதில் சேவை உடனே வந்தது, மூன்று மாதத்துக்கு மேற்பட்ட தரவு வரவில்லை. எவ்வளவு பழைய நிலைக்குத் திரும்பப் போகிறோம், திரும்ப எவ்வளவு நேரம் ஆகும் என்பவை தனித்தனிக் கேள்விகள். “பேக்கப் இருக்கிறதா” என்று ஒரே கேள்வியாகக் கேட்கும்போது இரண்டும் மறைந்துபோகின்றன.

இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் விதி 3-2-1. மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறிடத்தில். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோக் தம் படங்களைக் காக்க வகுத்த முறை. 2000-களின் நடுவில் எழுதினார். ஒரு தலைமுறையின் தரவை அது காப்பாற்றியிருக்கிறது. கணக்கரும் நினைவில் வைத்துக்கொள்ளும்படி எளிமையாக இருப்பது அதன் பெரும்பலம். ‘வேறிடத்தில்’ என்ற சொல்லின் அருமை 2021 மார்ச் 10 அன்று ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் தரவு மையம் எரிந்தபோது தெரிந்தது; மூலமும் பிரதியும் ஒரே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜானில் அரசுத் தரவு மையம் தீப்பற்றியபோது, ஊழியர்களின் ஜி-டிரைவ் கோப்புகள் 858 டெராபைட் அழிந்தன. அளவு மிகப் பெரிது என்று வெளியே பிரதி எடுக்காமல் விட்டிருந்தார்கள்.

ஆனால் அந்த விதி பிரதிகளை எண்ணுகிறது; அவை உயிரோடு இருக்கின்றனவா என்று கேட்பதில்லை. பிரதியையும் தேடிப் பூட்டும் ரான்சம்வேர் பரவுவதற்கு முந்திய காலத்து விதி அது. எப்போதும் செருகியே இருக்கும் யுஎஸ்பி டிஸ்க் அந்தக் கணக்கில் ஒரு பிரதி. ரான்சம்வேருக்கு அது இன்னொரு ஃபோல்டர். கழற்றி வைத்த டிஸ்க் ஒன்றும், திருத்த முடியாதபடி பூட்டிய கிளவுட் பிரதி ஒன்றும் இன்று தேவை. பிறகு வந்தவர்கள் விதியின் வாலில் ஒன்று, பூஜ்யம் என்று சேர்த்தார்கள். ஒன்று என்பது இப்படிக் கழற்றிய அல்லது பூட்டிய பிரதி; பூஜ்யம் என்பது மீட்புச் சோதனையில் பிழையின்மை. எனக்கு அந்த வரிசையைத் தலைகீழாக்கத் தோன்றுகிறது. சோதித்த ஒரு பிரதிக்கு முன், சோதிக்காத மூன்றும் நிற்காது.

சட்டமும் பிரதி எடுப்பதற்கே அழுத்தம் கொடுக்கிறது. 2022 ஆகஸ்டில் திருத்தப்பட்ட கம்பெனிக் கணக்கு விதிகள், கணக்குப் புத்தகங்களின் பேக்கப்பை இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் வைக்கச் சொல்கின்றன; அதற்கு முன் ‘அவ்வப்போது’ என்றிருந்தது. நல்ல மாற்றம். சேமிப்புக்கும் மீட்புக்கும் முறையான ஏற்பாடு வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. ஆனால் அது எப்படி என்பதை நிர்வாகக் குழுவிடம் விட்டுவிடுகிறது. தினமும் என்ற கறார் எடுப்பதற்கு மட்டும்தான். ஆடிட்டர் தேதி பார்ப்பார். ஃபைலைத் திறந்து காட்டுங்கள் என்று கேட்பவர் அரிது.

பிரதியைப் பராமரிப்பது பற்றிய கவலை கணினியோடு பிறந்ததல்ல. இங்கே யானைமலையின் நரசிங்கம் குடைவரையில் 770-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. இப்படிப்பட்ட கல்வெட்டுகளைத் தாளில் மைப்படி எடுத்துத்தான் அறிஞர்கள் படித்தார்கள். கோயிலோ பாறையோ அழிந்துபோன இடங்களில் இன்று மைப்படி மட்டுமே மூலம். தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் மைசூரில் கிடந்தன. அவற்றின் பராமரிப்பு பற்றிய வழக்கில், சென்னைக்குக் கொண்டுவரும்படி 2021 ஆகஸ்டில் உத்தரவிட்டது நம் ஒத்தக்கடைப் பக்கத்து உயர் நீதிமன்றக் கிளைதான். எடுத்து வைத்ததோடு கடமை முடியவில்லை, அது படிக்கும் நிலையில் இருக்கிறதா என்று யாராவது கேட்டாக வேண்டும் என்பதை அந்த வழக்கு உறுதிப்படுத்தியதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

மீட்புச் சோதனைக்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்களில் நியாயம் உண்டு. சோதிக்க இன்னொரு கணினி வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் தரவின் மேலேயே பழையதை ஏற்றிவிடும் ஆபத்து உண்டு. ஆகவே சோதனையை ஒருபோதும் அதே சர்வரில் செய்யக் கூடாது. கட்சிக்காரர்களின் ஆவணங்கள் வைத்திருக்கும் வக்கீலுக்கும், நோயாளி விவரம் வைத்திருக்கும் பரிசோதனைக் கூடத்துக்கும், வெளியாள் ஒருவர் முழுத் தரவையும் திறந்து பார்ப்பதில் தயக்கம் இருக்கும். அந்தத் தயக்கம் சரியானது. அவர்கள் தங்கள் கண்முன்னே, தங்கள் இன்னொரு கணினியில் செய்யச் சொல்லலாம். பிரதியைக் குறியாக்கம் செய்திருந்தால் அதன் சாவி அந்த சர்வரிலேயே மட்டும் இருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். சாவியும் சர்வரோடு போனால் பிரதி இருந்தும் இல்லாததுதான்.

பழுது பார்க்க வருகிற இளைஞர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, கடைசியிலிருந்து தொடங்குங்கள் என்பதே. லாகைத் திறப்பதற்கு முன் போன மாதத்து ஒரு பில்லைக் கேளுங்கள். அதைப் பேக்கப்பிலிருந்து எடுத்து, மென்பொருளில் திறந்து, கணக்கரிடமே தொகையைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். வரவில்லை என்றால் எந்தப் படியில் நின்றது என்று பின்னோக்கிப் போங்கள். பழுதின் இடம் பெரும்பாலும் அந்த வழியிலேயே அகப்படும்.

கடைக்காரர் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. வருடாந்தரப் பராமரிப்பு (ஏஎம்சி) ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது ‘பேக்கப் பராமரிப்பு’ என்ற பொதுவான சொல்லோடு விட்டுவிடாமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீட்டுக் காட்ட வேண்டும் என்று எழுதி வாங்க வேண்டும். அதற்கான கூலியையும் தனியே கொடுக்க வேண்டும். அரை நாள் வேலையை இலவசமாக எதிர்பார்ப்பதால்தான் அது நடக்காமல் போகிறது. எந்தத் தேதிப் பிரதி, எந்த ஃபைல், எவ்வளவு நேரம் ஆனது, பக்கத்தில் இருந்து பார்த்தவர் யார் என்ற நான்கு விவரங்களையும் ஒரு நோட்டில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.